அருண்பாண்டிக்கு மைதா இல்லாத கேக்

“அரிசி மாவுல அதிரசம் சுடலாம், முறுக்கு சுத்தலாம், வாசல்ல கோலம் போடலாம். கேக்கு போட முடியாது தாயி! எத்தனை தடவை சொல்றது?”

“முடியாதா, மனசு வரலையா? அதைச் சொல்லுங்கண்ணே!”

“ரெண்டும்தான்னு வச்சுக்க!”

ஞானதாஸ் பேக்கரி வாசலில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. பன் வாங்க வந்தவர்கள் பன்னை மறந்துவிட்டு நின்றார்கள். நாகல் நகரில் சினிமாவுக்குத்தான் டிக்கெட், சண்டைக்குக் கிடையாது.

கடைக்குள் நின்று கத்தியவர் ஞானதாஸ். பனியனும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, முழங்கை வரைக்கும் மாவு. வெளியே நின்று கத்தியவள் பாண்டிச்செல்வி. மின்சார வாரிய ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் முத்துக்கிருஷ்ணனின் சம்சாரம். சாதாரணமாக, பால்காரன் தண்ணீர் ஊற்றினால்கூட அவனிடம் கேட்காமல் எங்களிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிற ரகம். அவளே குரலை உயர்த்துகிறாள் என்றால் விஷயம் பெரியது.

“மைதா இல்லாம கேக்குன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. நம்ம கடை கேக்கு ஏன் இந்த ருசி ருசிக்குது? முதல் தர மைதா! அதை எடுத்துட்டா உள்ள என்ன இருக்கும்? ஓட்டைதான் இருக்கும்!” என்று ஞானதாஸ் மேசையில் ஓங்கித் தட்டினார். வர்க்கி வைத்திருந்த கண்ணாடி ஜாடி அதிர்ந்தது.

ஒரு கேக் கேட்டதற்கு இம்புட்டு கோபமா என்று நின்றவர்களுக்கு ஆச்சரியம். தொழில்காரனுக்கு ரோஷம் ஜாஸ்தி என்று முடிவுகட்டிக்கொண்டு அவரவர் பன்னை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பாண்டிச்செல்வியின் மகன் அருண்பாண்டிக்கு ஏழு வயது முடியப்போகிறது. பிறந்து சோறு தின்ன ஆரம்பித்ததிலிருந்தே வயிற்றுக் கோளாறு. சப்பாத்தி தின்றால் வயிறு தவில் மாதிரி ஆகும். ரவை உப்புமா தின்றால் கொல்லைப்புறமே கதி. பூச்சி மருந்து கொடுத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், குடல் ஏறிவிட்டது என்று ஒருத்தி வந்து எண்ணெய் போட்டு நீவினாள். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

“இவனுக்குக் கோதுமை ஆகாதும்மா. சப்பாத்தி, பூரி, ரவை, மைதா, பிஸ்கட்டு, எதுவும் வாயில் படக் கூடாது. மத்தபடி பையன் தங்கம்.”

இட்லியும் தோசையும் சோறுமாகத் தின்கிற ஊரில் ஒருத்தனுக்குக் கோதுமை ஆகவில்லை என்றால் என்ன நஷ்டம் என்று தெரு பேசிக்கொண்டது. நஷ்டம் என்னவென்று குர்ஷித் பேகத்தின் வீட்டில்தான் தெரிந்தது.

குர்ஷித் பேகம் பாண்டிச்செல்விக்குப் பக்கத்து வீடு. வீட்டுக்காரர் சவுதியில் இருந்ததால், தெருவில் முதல் டி.வி., முதல் வீடியோ டெக், முதல் பிறந்தநாள் கேக் எல்லாம் அவள் வீட்டில்தான். மகன் பிறந்தநாளுக்கு ஞானதாஸ் கடையிலிருந்து ரோஸ் கலர் கேக் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். அருண்பாண்டியும் நின்றான், வாங்கினான், வாயில் போட்டான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பாண்டிச்செல்வி ஓடிவந்து அவன் வாய்க்குக் கீழே கையை ஏந்தினாள்.

“துப்புடா! துப்பு!”

அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அவன் அம்மாவின் உள்ளங்கையில் துப்பினான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அழவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் ஒன்றே ஒன்று கேட்டான்.

“எம் பிறந்தநாளுக்கு நான் தின்னுற மாதிரி கேக்கு வாங்குவியாம்மா?”

“வாங்குறேன் அப்பு.”

அந்த ஒரு வார்த்தைதான் அவளை பேக்கரி வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கத்த வைத்தது.

ஞானதாஸ் கைவிரித்ததும் அவள் தானே செய்துவிடுவது என்று கிளம்பினாள். பச்சரிசியை ஊறப்போட்டு, இடித்து, சலித்து, முட்டையும் சர்க்கரையும் அடித்து, அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி அதற்குள் தட்டை வைத்து மூடி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றினாள். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்து அடித்தே தோள்பட்டை விட்டுப்போயிற்று.

சாயங்காலம் முத்துக்கிருஷ்ணன் ஆபீஸிலிருந்து வந்தார். தட்டில் பழுப்பாக ஒன்று இருந்தது.

“இது என்னது?”

“கேக்கு.”

“எதை வச்சு வெட்டுறது?”

“பிறந்தநாளுக்கு வெட்டிக்கிடலாம். இப்போ சும்மா கடிச்சுப் பாருங்க.”

கடித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ பாண்டி, அம்மிக்குழவி தேஞ்சு போச்சுன்னு சொன்னேல்ல? இதை எடுத்து வச்சுக்க.”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது. ஆறுதல் சொல்லப்போய், அந்த நல்ல மனிதர் காரியத்தை இன்னும் கெடுத்தார்.

“இதுக்கெல்லாம் மனசு விடாத. இந்த வருசம் ஜோரா நடத்திருவோம். ஆபீஸ்ல எல்லாத்தையும் கூப்பிட்டுட்டேன். சின்னாளபட்டிக்கு அக்காவுக்கும் சொல்லி விட்டாச்சு.”

பாண்டிச்செல்வி அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா என்றது அழகம்மாளை. முத்துக்கிருஷ்ணனுக்கு மூத்தவள். சின்னாளபட்டியில் நாலு தறி ஓடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, எங்கே போனாலும் அதே குரலில்தான் பேசுவாள். கோதுமை ஆகாது என்பதெல்லாம் டாக்டர் காசு பிடுங்கக் கண்டுபிடித்தது என்பது அவள் கட்சி. “எங்க வம்சத்துல கல்லைத் தின்னாலும் செரிக்கும். புதுசா வந்தவதான் பிள்ளைக்கு நோவு நோவுன்னு சொல்லிச் சொல்லி நோவாளியாக்கிட்டா” என்று கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். பாண்டிச்செல்வி வந்து பத்து வருஷம் ஆகியும் அந்த வீட்டுக்கு அவள் புதுசுதான்.

அடுத்தது குர்ஷித் பேகத்தின் வட்ட ‘அவன்’, கரண்டில் எரிகிற கேக் அடுப்பு. சவுதியிலிருந்து வந்த சாமான். பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

“எடுத்துக்கங்கக்கா, இதுக்கெல்லாம் கேக்கணுமா? ஆனா இங்கேயே வச்சு செஞ்சுக்கங்க. வெளிய தூக்கிட்டுப் போனா அவுகளுக்குப் பிடிக்காது.”

அன்றைக்கு அவள் வீட்டு ஹாலில் வீடியோ டெக்கில் படம் ஓடிக்கொண்டிருந்தது. தெருப் பொம்பளைகள் பாதிப் பேர் அங்கேதான். முந்தின கேக் கல்லாகிப்போன பயத்தில் பாண்டிச்செல்வி சோடா உப்பை இரண்டு மடங்காகப் போட்டு, மாவை ஊற்றி, அந்த அடுப்பின் சுவிட்சைத் தட்டினாள். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. டி.வி., டெக், மூன்று பேன், கிரைண்டர், அதற்கு மேலே இந்த அடுப்பு.

பட்டென்று ஒரு சத்தம். படத்தில் கதாநாயகிக்கு உண்மை தெரியவேண்டிய இடம். தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, வீடு வீடாக விசாரித்து, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

“நம்ம முத்துக்கிருஷ்ணன் சார் வீட்டம்மாவா?” என்று தலையைச் சொறிந்தான். மறுநாள் ஆபீஸில் முத்துக்கிருஷ்ணனை எல்லாரும் கேக் எப்படி என்று விசாரித்தார்கள். இன்ஜினியர்கூட விசாரித்தார்.

கேக்கோ, சோடா உப்பின் வேகத்தில் பொங்கி, தட்டைத் தாண்டி வழிந்து, கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகிக் கிடந்தது. குர்ஷித் பேகம் அதைக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தாள்.

“பரவால்லக்கா” என்றாள். பிறகு, “அவுக ரம்ஜானுக்கு வருவாக. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க” என்றாள்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் பாண்டிச்செல்வி மறுபடியும் பேக்கரிக்குப் போனாள். இந்தத் தடவை கத்தத் தெம்பில்லை. கடைக்குள் கிடந்த சாக்கு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். சேலை முந்தானையில் அரிசி மாவு.

ஞானதாஸின் மனைவி சகாயராணி பின்கட்டில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நாள் பூராவும் முட்டை உடைப்பதும் அடிப்பதும்தான் அவள் வேலை. அவள் முகத்தை எங்களில் பலர் சரியாகப் பார்த்ததுகூடக் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

“குடிங்கக்கா.” புருஷன் பக்கம் திரும்பினாள். “பாவங்க. பிள்ளைக்குத்தானே கேக்குறாக. குடுத்துத்தான் விடுங்களேன்…”

“நீ உள்ள போயி முட்டையைப் பாரு!” என்று ஞானதாஸ் சீறினார்.

அவள் போய்விட்டாள். ஞானதாஸ் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

“சரி. அரிசி மாவை நீயே கொண்டா. ஆனா ஒண்ணு தங்கச்சி, நல்லா வரலைன்னா என் கடைப் பேரைச் சொல்லக் கூடாது.”

அவள் மாவைக் கொண்டுவந்தாள். சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. மைதா ஒட்டியிருக்கும் என்று தட்டுகளையும் கரண்டிகளையும் தானே சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டு அதே மூட்டையில் உட்கார்ந்து, இமை கொட்டாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ வீட்டுக்குப் போயேன், தாயி. ஆனதும் சொல்லி விடுறேன்.”

“இல்லண்ணே, இருக்கேன்.”

“அடுப்புச் சூடு.”

“பழகிப்போச்சு.”

ஆயிரம் கேக் போட்ட மனிதர், அன்றைக்குத்தான் மாவைத் தொடுகிறவர் மாதிரி தடுமாறினார். தண்ணீரை ஊற்றினார், கூடிவிட்டது. மாவைப் போட்டார், இறுகிவிட்டது. ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே எடுத்ததும் நடுவில் விரிசல் விட்டது. விரிசலை மறைக்க, சர்க்கரையும் வனஸ்பதியும் அடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிற கனத்துக்குப் பூசினார். மேலே சிவப்பில் ‘அருண்பாண்டி’ என்று எழுதினார். பார்க்க ராஜ களை.

மறுநாள் சாயங்காலம் அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் சுவரோரமாக நின்றார். ஆபீஸ்காரர்கள் நாற்காலிகளில். தெருப் பிள்ளைகள் தரையில். குர்ஷித் பேகம், தன் வீட்டில் யாரும் ஒரு சுவிட்சையும் போடவில்லை என்ற நிம்மதியில். சின்னாளபட்டியிலிருந்து அழகம்மாள், கட்டம் போட்ட புதுச் சுங்குடிச் சேலையில், மடியில் ஓர் அட்டைப் பெட்டியோடு.

அருண்பாண்டி புதுச் சட்டையோடு கத்தியைப் பிடித்து நின்றான். கேக்கைப் பார்த்தான். பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தான். வெட்டினான்.

கத்தி இறங்கவில்லை. அழுத்தினான். மேல் பூச்சு காரை பெயர்ந்த மாதிரி துண்டு துண்டாக உடைந்தது. உள்ளே இருந்தது பொலபொலவென்று சரிந்து, தட்டில் நிறைந்து, மேசை விளிம்பு வழியாகக் கீழே கொட்டியது.

ஒரு வாண்டு கத்தினான்: “புட்டு டோய்!”

ஹால் முழுக்கச் சிரிப்பு. அழகம்மாள் தறிக் குரலில் சொன்னாள்: “ஏத்தா பாண்டிச்செல்வி, ரெண்டு பழத்தை உரிச்சுக் கொண்டா. பிசைஞ்சு குடுப்போம்.”

பாண்டிச்செல்வி உள்ளே போனாள். பழம் எடுக்கப் போகவில்லை. அடுப்படிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு.

திரும்பி வந்தபோது அழகம்மாளின் அட்டைப் பெட்டி திறந்திருந்தது. ரோஸ் கலர் கேக். அருண்பாண்டியின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கையில் இரண்டாவது துண்டு.

“மதினி! என்னத்தைக் குடுத்தீக?”

“விசத்தையா குடுத்தேன்? வர்ற வழியில ஞானதாஸ் கடையில வாங்கினேன். அசல் மைதா கேக்கு! நோவு வந்தா நான் பாத்துக்கிடுறேன். என் தம்பி பிள்ளைக்கு நான் குடுக்கக் கூடாதா?”

பாண்டிச்செல்வியின் கை தானாக மகனின் வாய்க்குக் கீழே போயிற்று. அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்திவிட்டான். துப்பச் சொன்னால் துப்பியிருப்பான். பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை கீழே இறங்கிவிட்டது. அவன் விழுங்கினான்.

அவள் கோபமெல்லாம் சுவரோரம் திரும்பியது.

“அண்ணே, எல்லாம் தெரிஞ்சும் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?”

ஞானதாஸ் “எதுக்கும்… டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் முழுக்க பாண்டிச்செல்வி மகனின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வயிறு வயிறாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பையன் கோலி விளையாடினான், சைக்கிள் டயர் உருட்டினான், மிச்சக் கேக் எங்கே என்று கேட்டான்.

அழகம்மாள் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டாள். இந்த வெற்றியை உட்கார்ந்து அனுபவிக்க வேண்டாமா?

“பாத்தியாலே முத்து! ரெண்டு துண்டு மைதா கேக்கு உள்ள போயிருக்கு. ஒரு ஏப்பம் வந்துச்சா? நோவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அம்புட்டும் உன் பெண்டாட்டி கிளப்பிவிட்டது.”

முத்துக்கிருஷ்ணனுக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை வருஷம் பிள்ளையை வாயைக் கட்டி வைத்துவிட்டோமே என்று உருகிப்போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பேக்கரியைத் தாண்டும்போது ஞானதாஸ் ஓடிவந்து வழிமறித்தார்.

“சார், பரோட்டா வேணாம் சார். இப்பத்தான் உடம்பு தேறி வருது.”

“உமக்கென்னய்யா? கேக்கு தின்னப்ப பேசாம நின்னீரு. பரோட்டாக் கடைக்காரன் சம்பாதிச்சா மட்டும் பொறுக்கலையா?”

ஞானதாஸ் கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றார். வியாபாரப் பொறாமை மனிதனை எப்படியெல்லாம் ஆட்டுகிறது பாருங்கள் என்று தெரு பேசிக்கொண்டது.

அருண்பாண்டி மூன்று பரோட்டா தின்றான். விடிவதற்குள் வயிறு தவில் ஆகிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் பாண்டிச்செல்வி, அந்தப் பக்கம் அழகம்மாள்.

“உங்க அசல் கேக்காலதான் மதினி எம் பிள்ளை இப்படிக் கிடக்குறான்!”

“கேக்கு தின்னு ஒண்ணும் ஆகலையே! அதான் ஊரே பாத்துச்சே! பரோட்டா வாங்கிக் குடுத்தது உன் புருசன். அவனைக் கேளு!”

“நீங்க ஆரம்பிச்சு வைக்கலைன்னா அவரு ஏன் வாங்குறாரு?”

“பேசாதீக, நர்ஸம்மா வாராக” என்றார் முத்துக்கிருஷ்ணன்.

“நீ பேசாதலே!” என்றாள் அக்கா. “நீங்க பேசாதீங்க!” என்றாள் மனைவி. அந்த ஆஸ்பத்திரியில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

மதுரை டாக்டர் எல்லாரையும் வைத்துத் திட்டினார். ஆனால் கேக் தின்று ஒன்றும் ஆகாதவனுக்குப் பரோட்டா தின்று ஏன் இப்படி ஆயிற்று என்று அழகம்மாள் கேட்டதற்கு அவராலும் பதில் சொல்ல முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மைதா மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றது ஒரு கட்சி. பரோட்டாக் கடை எண்ணெய்தான் காரணம் என்றது இன்னொன்று. பாண்டிச்செல்வி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்றைக்குத்தான் அவள் படுத்துத் தூங்கினாள்.

அழகம்மாள் அன்றே சேலையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். “இனி இந்த வாசப்படியை மிதிச்சா என் பேரு அழகம்மா இல்ல.” சொன்னபடியே செய்தாள். அவள் மகள் சுகன்யாவுக்குச் சின்னாளபட்டியிலேயே கல்யாணம் நடந்தது. தாய்மாமனுக்குப் பத்திரிகை வரவில்லை. மாலை எடுத்துக் கொடுக்கவேண்டிய முத்துக்கிருஷ்ணன் அன்றைக்கு ஆபீஸுக்கும் போகாமல், சாப்பிடவும் செய்யாமல், வீட்டில் இருந்த எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடி அலமாரியெல்லாம் வைத்துப் புதிதாக ஒரு பேக்கரி திறந்ததும் ஞானதாஸுக்கு வியாபாரம் படுத்தது. கடையை மூடிவிட்டு வத்தலக்குண்டுக்குக் குடிபோனார். குர்ஷித் பேகம் மட்டும்தான் இடம் மாறவில்லை. அந்தக் கேக் அடுப்பும் அங்கேதான் இருக்கிறது, பெட்டிக்குள்.

சில வருஷம் கழித்து, குர்ஷித் பேகத்தின் மூத்த மகள் உம்மு சல்மாவின் நிக்காஹ்வுக்குப் பழைய தெருக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். பழனியிலிருந்து பாண்டிச்செல்வி மகனோடு வந்தாள். வத்தலக்குண்டிலிருந்து சகாயராணி தனியாக வந்தாள். புருஷனுக்கு இடுப்பு வலியாம். தன் கையால் போட்ட ரோஸ் கலர் கேக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவள், அருண்பாண்டியின் முன்னால் தட்டை நீட்டினாள். வளர்ந்துவிட்ட பையன், யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அவனுக்கு வேணாங்கக்கா. மைதா ஆகாதுல்ல” என்றாள் பாண்டிச்செல்வி, எத்தனையோ வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிச் சலித்த அதே குரலில்.

சகாயராணி ஒரு துண்டை எடுத்துப் பையனின் வாய்க்கு நேராகவே நீட்டினாள்.

“சும்மா தின்னு அப்பு. ரொட்டிக்குத்தான் உங்க மாமா மைதா வாங்குவாரு, கேக்குக்கு என்னைக்கு வாங்கினாரு? மைதா விலை ஏறுன நாள்லருந்து நம்ம கடை கேக்கு பூராம் சேலத்து மரவள்ளிக் கிழங்கு மாவுல்ல!”